கடற்பாலத்துக்கு வந்து சேராத பிரிகேட்: ஜொகூரில் 9ஆவது இந்திய டிவிஷனின் முடிவு

ஜொகூர் பாருவின் போர்க்கால வரலாற்றைச் சொல்லும் எந்த நூலிலும் 1942 ஜனவரி 31ஆம் தேதிக் காலைக்கு ஓர் இடமுண்டு. அன்று ஸ்காட்லாந்தின் ஆர்கைல் படையினர், பேக்பைப் வாத்தியம் முழங்க, கடற்பாலத்தைக் கடைசியாகக் கடந்து சிங்கப்பூர் சேர்ந்தார்கள். எட்டேகால் மணியளவில் வெடி வெடித்தது. 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட பாலத்தில் ஏறத்தாழ 20 மீட்டர் நீளத்துக்குப் பிளவு விழுந்தது. மலாயாத் தீபகற்பத்தின் போர் அத்துடன் முடிந்தது என்று எழுதி நூலாசிரியர்கள் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்கள்.

ஆனால் அந்த வேளையில் ஒரு முழு பிரிகேட் பாலத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. லாயாங் லாயாங் பக்கமிருந்து தெற்கே, ரயில் பாதையை விட்டு விலகி, காட்டுக்குள் அது நடந்துகொண்டிருந்தது. காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தார்கள். உணவு தீர்ந்துகொண்டிருந்தது. வானொலித் தொடர்பு இல்லை. சீக்கியர், கட்வாலியர், எல்லைப்புறப் படையினர் என்று வடஇந்தியச் சிப்பாய்கள் நிறைந்த 22ஆவது இந்திய பிரிகேட் அது. 9ஆவது இந்தியக் காலாட்படை டிவிஷனில் இருந்த இரண்டு பிரிகேட்டுகளில் ஒன்று. அது பாலத்துக்கு வந்து சேரவே இல்லை.

ஜொகூர் மண்ணில் அழிந்த டிவிஷன் இது. பல்லாயிரம் தமிழர் வாழ்ந்த தோட்டங்களுக்கு நடுவே அழிந்தது. அப்படியிருந்தும் இதன் பெயர் நம்மவரில் பலருக்குத் தெரியாது. மலாயாவில் இந்தியச் சிப்பாய்கள் நிற்காமல் ஓடினார்கள் என்ற பேச்சு மட்டும் இன்றுவரை நிலைத்திருக்கிறது. அது நியாயமான பேச்சா என்பதை இந்த ஒரு டிவிஷனின் கதையை வைத்தே பார்த்துவிடலாம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்து டிவிஷன் ஒன்றில் பொதுவாக மூன்று பிரிகேட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் மூன்று பட்டாலியன்கள். அவற்றோடு பீரங்கிப் படை, பொறியாளர்கள், மருத்துவப் பிரிவு, வாகனங்கள். இவை ஒரே தளபதியின் கைக்குள் ஒன்றாக இயங்கினால்தான் டிவிஷனுக்குப் பலம். பிரிட்டனின் 53ஆவது வேல்ஸ் டிவிஷன் அப்படி இயங்கியது. 1944 ஜூனில் நார்மண்டியில் இறங்கி, அக்டோபரில் ஸ் ஹெர்டோகென்போஸ் என்ற டச்சு நகரை மீட்டு, மறு ஆண்டு ஜெர்மனிக்குள் நுழையும்வரை அது ஒரே உடலாகப் போரிட்டது. அந்த டச்சு நகரம் வேல்ஸ்காரர்களுக்கு நினைவுச்சின்னம் வைத்திருக்கிறது. அந்தப் படைக்குப் பின்னால் ஒரு நாடு, ஒரு மொழி, திரும்பிப் போக ஊர்கள் எல்லாம் இருந்தன. 9ஆவது இந்திய டிவிஷனுக்கு இவற்றில் எதுவும் வாய்க்கவில்லை.

1940 செப்டம்பரில் குவெட்டாவில் அது அமைக்கப்பட்டது. மலாயாவில் போர் தொடங்கியபோது அதன் கீழ் இருந்தவை இரண்டே பிரிகேட்டுகள்: கிளந்தானின் கோத்தா பாருவில் 8ஆவது, பகாங்கின் குவாந்தானில் 22ஆவது. இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் காடும் ஆறும். ஒன்றுக்கு ஆபத்து வந்தால் மற்றது உதவிக்கு ஓட நேரான சாலை கிடையாது. கோத்தா பாருவிலிருந்து பின்வாங்க இருந்த ஒரே வழி கோலக்கிராயிலிருந்து காட்டுக்குள் போகும் ரயில் பாதை. எந்தத் தளபதியும் தானாக விரும்பி இப்படிப் படையை நிறுத்தமாட்டான்.

நிறுத்தியதற்குக் காரணம் விமானத்தளங்கள். கடலில் வரும் எதிரிக் கப்பல்களை வானிலிருந்தே மூழ்கடித்துவிடலாம் என்பது பிரிட்டனின் திட்டம். அதற்காகக் கோத்தா பாரு, கோங் கெடாக், மாச்சாங், குவாந்தான் ஆகிய இடங்களில் விமானத்தளங்கள் கட்டப்பட்டன. தளங்களை எங்கே கட்டுவது என்று விமானப்படை முடிவு செய்தது. அவற்றைக் காக்கும் பொறுப்பு தரைப்படையின் தலையில் விழுந்தது. சிங்கப்பூரில் இருந்த தளபதிகள் 566 விமானங்கள் வேண்டும் என்றார்கள். லண்டன் 336க்கு ஒப்புக்கொண்டது. போர் தொடங்கிய நாளில் மலாயாவில் பறக்கும் நிலையில் இருந்தவை 158. அவற்றிலும் பல பழைய ரகங்கள். வராத விமானங்களுக்காகக் கட்டிய தளங்களைக் காக்க ஒரு டிவிஷன் இரண்டாக உடைக்கப்பட்டது. பின்னால் ஜொகூரில் நடந்தவற்றின் வேர் இங்கே இருக்கிறது என்பது என் கருத்து.

இன்னொன்றும் உண்டு. 1939இல் சுமார் இரண்டு லட்சம் பேர் இருந்த இந்திய ராணுவம் அடுத்த இரண்டே ஆண்டுகளில் பல மடங்கு பெருத்தது. புதிய பட்டாலியன்களுக்கு அனுபவசாலிகள் வேண்டுமே என்று பழைய பட்டாலியன்களிலிருந்து சுபேதார்களையும் ஹவில்தார்களையும் அதிகாரிகளையும் மாற்றி மாற்றி எடுத்தார்கள். அந்த இடங்களில் பயிற்சி முடியாத இளைஞர்கள் வந்து நின்றார்கள். பஞ்சாபியும் பஷ்தூவும் பேசும் சிப்பாய்க்கு, அவன் மொழியை இன்னும் கற்றுக்கொள்ளாத வெள்ளை அதிகாரி கட்டளையிட்டான். அந்தச் சிப்பாய்களில் பெரும்பாலோர் அதுவரை பீரங்கி வண்டியை, அதாவது டாங்கியை, கண்ணால் கண்டதில்லை. மலாயாவில் பிரிட்டனிடம் டாங்கியே இல்லாத நேரம் அது.

இந்தப் படைதான் பசிபிக் போரின் முதல் தரைச்சண்டையைப் போட்டது. 1941 டிசம்பர் 8ஆம் தேதி நள்ளிரவு தாண்டிச் சிறிது நேரத்தில், பேர்ல் ஹார்பரில் குண்டு விழுவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பாக, மூன்று ஜப்பானியக் கப்பல்கள் கோத்தா பாரு கரைக்கு அப்பால் நங்கூரமிட்டன. தளபதி தகுமியின் கீழ் சுமார் 5,300 பேர். பாடாங், சாபாக் கடற்கரைகளில் காத்திருந்தவர்கள் 3/17 டோக்ரா பட்டாலியன், இமயமலை அடிவாரத்து உழவர் வீட்டுப் பிள்ளைகள். சிமெண்டுக் காவலரண்கள், முள்கம்பி, கண்ணிவெடி எல்லாம் இருந்தன. ஆனால் ஒரு பட்டாலியன் காக்கக்கூடியதைவிடக் கரை பன்மடங்கு நீளம். காவலரணுக்கும் காவலரணுக்கும் இடையே வெறும் மணல்.

அன்றிரவு அங்கே நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிப்பு. படகுகளில் இறங்கும்போதே பலர் நீரில் விழுந்தார்கள். கரையைத் தொட்டவர்கள் முள்கம்பிக்கு முன்னால் மணலில் படுத்தபடி சிக்கிக்கொண்டார்கள். ஆஸ்திரேலிய ஹட்சன் விமானங்கள் இருட்டில் தாழப் பறந்து குண்டுபோட்டன. அவாஜிசான் மாரு என்ற கப்பல் தீப்பற்றி எரிந்தது. மணலைக் கைகளால் தோண்டி முள்கம்பிக்கு அடியில் நுழைந்துதான் ஜப்பானியர் முன்னேறினார்கள். இரண்டு காவலரண்கள் விழுந்த பிறகே அவர்களுக்கு வழி கிடைத்தது. அவற்றுக்குள் இருந்த டோக்ராக்கள் கடைசிவரை சுட்டு அங்கேயே மடிந்தார்கள். ஜப்பானியர் தம் கணக்கிலேயே 300க்கு மேல் இறந்தவர், 500க்கு மேல் காயம்பட்டவர் என்று குறித்திருக்கிறார்கள். மலாயாவில் எங்கும் அவர்கள் கரையிறங்கியதற்கு இவ்வளவு விலை கொடுத்ததில்லை.

விடிந்ததும் எல்லைப்புறப் படையினரும் பலூச் படையினரும் எதிர்த்தாக்குதலுக்கு அனுப்பப்பட்டார்கள். மழையில் பெருகிய ஓடைகளும் கழிமுகச் சேறும் அவர்களைத் தடுத்தன. அன்று பிற்பகலில் எதிரி தளத்துக்கே வந்துவிட்டான் என்ற பொய்ச்செய்தி பரவி, விமானப்படை கோத்தா பாரு தளத்தைக் கைவிட்டது. மறுநாள் குவாந்தான் தளத்தையும் கைவிட்டது. டிவிஷன் எதற்காக அங்கே நிறுத்தப்பட்டதோ அந்தக் காரணம் இரண்டே நாளில் இல்லாமல் போனது. சிப்பாய்கள் மட்டும் அங்கேயே நின்றார்கள்.

8ஆவது பிரிகேட் ரயில் பாதை வழியே ஒழுங்காகப் பின்வாங்கியது. குவாந்தானில் பிரிகேடியர் பெயின்டரின் 22ஆவது பிரிகேட்டுக்கு வேறு விதமான சோதனை. கடலைப் பார்த்து அரண் அமைத்திருந்தார்கள். எதிரியோ கோத்தா பாருவிலிருந்து தரைவழியாக வடக்கேயிருந்து வந்தான். 2/18 கட்வால் பட்டாலியன் ஆற்றுக்கு அப்பால் மாட்டிக்கொண்டு பெரும்பகுதியை இழந்தது. 1942 ஜனவரி 3ஆம் தேதி விமானத்தளத்தைக் கடைசியாகக் காத்து நின்ற 2/12 எல்லைப்புறப் பட்டாலியனின் தளபதி ஆர்தர் கம்மிங், வயிற்றில் இரண்டு பயனெட் குத்துகள் வாங்கிய நிலையிலும் வண்டியை ஓட்டிப் போய்ப் போய்த் தன் ஆட்களைத் திரட்டினார். அவருக்கு விக்டோரியா சிலுவை கிடைத்தது. அவரோடு நின்ற இந்தியச் சிப்பாய்களில் பெரும்பாலோர் அன்று மாண்டார்கள்.

ஜனவரி 7ஆம் தேதி சிலிம் ரிவரில் 11ஆவது இந்திய டிவிஷன் டாங்கிகளிடம் நொறுங்கியது. கோலாலம்பூர் விழுந்தது. 9ஆவது டிவிஷன் ஜொகூருக்கு இறங்கி, ஆஸ்திரேலியத் தளபதி கார்டன் பென்னட்டின் கீழ் சிகாமட் பக்கம் நிறுத்தப்பட்டது. மேற்கே மூவாரில் புதிதாக வந்த 45ஆவது இந்திய பிரிகேட் அழிந்தது. அதன் பிரிகேடியர் டங்கன் பக்ரியில் இறந்தார். பாரிட் சூலோங்கில் கைவிட நேர்ந்த ஆஸ்திரேலிய, இந்தியக் காயக்காரர்கள் சுமார் 150 பேரை ஜப்பானியர் கொன்றார்கள். மேற்குக் கரை உடைந்ததால் நடுவில் இருந்தவர்களும் பின்வாங்கியாக வேண்டும். லாபிஸ், பாலோ, குளுவாங், ரெங்கம் என்று ரயில் பாதையோரமாக 9ஆவது டிவிஷன் தெற்கே நகர்ந்தது.

இந்தப் பின்வாங்கலுக்கு நடுவில்தான் நியோர் சண்டை நடந்தது. ஜனவரி 24, 25 தேதிகளில் குளுவாங்குக்கு வடமேற்கே, கர்னல் பார்க்கினின் 5/11 சீக்கியப் பட்டாலியன் திடீரென்று திரும்பி எதிரிமேல் பாய்ந்தது. ஒன்றரை மாதம் நடந்தும் ஓடியும் தூங்காமலும் களைத்த மனிதர்கள் பயனெட்டோடு முழக்கமிட்டு ஏறினார்கள். ஜப்பானியர் சிதறிப் பின்வாங்கினார்கள். ஜொகூரில் நேச நாட்டுப் படைகள் பெற்ற மிகச் சில வெற்றிகளில் இது ஒன்று. கெமாஸில் ஆஸ்திரேலியர் போட்ட பதுங்குத் தாக்குதலுக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்குகூட நியோருக்குக் கிடைக்கவில்லை.

ரெங்கத்துக்குத் தெற்கே ரயில் பாதை மட்டும் உண்டு, பக்கத்தில் சாலை இல்லை. ஆகவே டிவிஷனின் லாரிகளும் பீரங்கிகளும் மேற்கே உள்ள பெருஞ்சாலைக்கு அனுப்பப்பட்டன. தண்டவாளத்தில் நடந்த சிப்பாய்களிடம் கையில் தூக்கக்கூடியது மட்டுமே மிச்சம். முன்னே, அதாவது எதிரிக்கு நெருக்கமாக, 22ஆவது பிரிகேட். அதற்குப் பின்னால் லாயாங் லாயாங் அருகே 8ஆவது பிரிகேட் நின்று வழியைக் காக்க வேண்டும். டிவிஷனின் தளபதி மேஜர் ஜெனரல் ஆர்தர் பார்ஸ்டோவின் உத்தரவு அதுதான்.

ஜனவரி 27ஆம் தேதி இரவு 8ஆவது பிரிகேட் சொன்ன இடத்தில் நிற்கவில்லை. அதன் புதிய பிரிகேடியர் லே, 22க்குத் தகவல் சொல்லாமலே இன்னும் தெற்கே போய்விட்டார். காக்க வேண்டிய மேட்டில் ஆள் இல்லை. ரயில் பாலமும் முன்கூட்டியே வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. பாலத்தோடு தண்டவாளத்தோரக் கம்பித் தொடர்பும் அறுந்தது. இரண்டு பிரிகேட்டுகளும் பேசிக்கொள்ள இருந்த ஒரே வழி அந்தக் கம்பிதான். எந்த இருளிலும் கண் தெரிந்தவர்களைப் போல ஜப்பானியர் தோட்டப் பாதைகள் வழியாக அந்த இடைவெளிக்குள் புகுந்தார்கள்.

28ஆம் தேதிக் காலை விஷயம் தெரிந்ததும் பார்ஸ்டோ தானே முன்னால் புறப்பட்டார். உடன் வந்தவர்கள் இருவர்: அவருடைய நிர்வாக அதிகாரி கர்னல் டிராட், ஆஸ்திரேலியத் தொடர்பு அதிகாரி சார்லஸ் மோசஸ். உடைந்த பாலத்தின் மேல் தட்டுத்தடுமாறி அக்கரை சேர்ந்து, பெயின்டரின் ஆட்களைத் தேடித் தண்டவாளத்தில் நடந்தார்கள். எதிரே ஜப்பானியர் இருந்தார்கள். துப்பாக்கி வெடித்ததும் டிராட்டும் மோசஸும் ஒரு பக்கம் பாய்ந்து தப்பினார்கள். பார்ஸ்டோ கொல்லப்பட்டார். கடத்த வேண்டிய செய்தியைத் தானே சுமந்து, தம் படையைத் தேடிப் போன டிவிஷன் தளபதி ஒரு ரப்பர் காட்டு ரயில் பாதையில் விழுந்தார். பிரிட்டிஷ் ராணுவத்தின் போர்க்குடிக் கொள்கைப்படி சீக்கியர்களை எப்படிப் படையில் சேர்ப்பது என்று சொல்லும் கையேட்டை 1928இல் எழுதியவர் இதே பார்ஸ்டோதான். தன் சீக்கியர்களைக் கைவிட மனமில்லாமல் போனார் என்றே நான் நினைக்கிறேன்.

பெயின்டருக்கு இவை எதுவும் தெரியாது. காத்துப் பார்த்தார். எதிரியை உடைத்துக்கொண்டு போக முயன்று முடியாதபோது, மேற்கே காட்டுக்குள் இறங்கிச் சுற்றிப்போக முடிவெடுத்தார். காயக்காரர்களை விட்டுச் செல்ல மனம் வரவில்லை. பாரிட் சூலோங்கில் என்ன நடந்தது என்று அவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனாலும் தூக்கிக்கொண்டே நடந்தார்கள். அடர்ந்த காட்டில் தூக்குப் படுக்கையோடு ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போக முடியும்? மேலிடத்திலோ நேரம் தீர்ந்துவிட்டது. ஜனவரி 30–31 இரவில் எல்லாப் படையும் தீவுக்குள் போயாக வேண்டும் என்று முடிவாகியிருந்தது. அவர்களுக்காக ஒரு நாள் தள்ளிப்போடும் நிலையில் மலாயாவின் தலைமைத் தளபதி பெர்சிவலும் அவருக்குக் கீழ் இந்தியப் படைகளை நடத்திய தளபதி ஹீத்தும் இல்லை. மேற்குச் சாலையில் ஆஸ்திரேலியர் தம் இடத்தைவிட்டு நகர்ந்தாக வேண்டியிருந்தது. நிலைமையைப் பார்த்தால் அந்த முடிவைக் குறைகூற முடியாது. ஆனால் 22ஆவது பிரிகேட்டுக்கு முன்னால் இரண்டு பாலங்கள் இடிக்கப்பட்டன என்பதை மறக்கவும் முடியாது. முதலாவதை இடித்தது தம் ஆட்களின் தவறு.

பிப்ரவரி 1ஆம் தேதி எஞ்சியிருந்த சில நூறு பேருடன் பெயின்டர் சரணடைந்தார். சிறு குழுக்களாகப் பிரிந்தவர்களில் கொஞ்சம் பேர் தெபராவ் நீரிணைக் கரையை எட்டி, படகுகளில் சிங்கப்பூர் சேர்ந்தார்கள். அந்த நாட்களில் ஜப்பானியத் தளபதி யமஷிதா ஜொகூர் பாருவுக்கு வந்து, சுல்தானின் புக்கிட் செரின் அரண்மனைக் கோபுரத்திலிருந்து தீவைப் பார்த்துக்கொண்டிருந்தார். 9ஆவது டிவிஷன் என்ற பெயர் அங்கேயே முடிந்தது. மிச்சமிருந்த 8ஆவது பிரிகேட் 11ஆவது டிவிஷனோடு இணைக்கப்பட்டது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் சரணடைந்தது.

பிறகு நடந்தது நாம் அதிகம் அறிந்த கதை. பிப்ரவரி 17ஆம் தேதி சிங்கப்பூர் ஃபேரர் பார்க் திடலில் பல்லாயிரம் இந்தியக் கைதிகள் ஒன்றுகூட்டப்பட்டார்கள். மோகன் சிங்கின் இந்தியத் தேசிய ராணுவம் அங்கே முளைவிட்டது. அந்த ராணுவத்தினர் மீது 1945இல் டெல்லி செங்கோட்டையில் நடந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்ற மூவரில் பிரேம் குமார் சேகல், 9ஆவது டிவிஷனின் 2/10 பலூச் பட்டாலியன் அதிகாரி. கோத்தா பாரு கரையிலிருந்து சிங்கப்பூர்வரை பின்வாங்கியவர். சென்னையில் பிறந்து வளர்ந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதனை, நம் கேப்டன் லட்சுமியை, 1947இல் மணந்தவரும் அவரே. தன்னைக் காக்க முடியாத அரசுக்கு ஏன் உயிரைக் கொடுக்க வேண்டும் என்ற கேள்வி அந்தத் தலைமுறை அதிகாரிகள் மனத்தில் எங்கே விதைக்கப்பட்டது என்று தேடுவோர், கிளந்தான்–ஜொகூர் ரயில் பாதையையும் பார்க்க வேண்டும்.

இனி தமிழர் பக்கம். அந்த டிவிஷனின் காலாட்படையில் தமிழர் பட்டாலியன் ஒன்றுகூட இல்லை. தென்னிந்தியர் போர்க்குடிகள் அல்லர் என்று தீர்ப்பெழுதி, மதராஸ் ரெஜிமென்டின் காலாட்படைப் பட்டாலியன்களை 1920களில் பிரிட்டிஷார் கலைத்துவிட்டார்கள். மீண்டும் எழுப்பியது போர் நெருக்கிய 1940களில்தான். ஆகவே ஜொகூரில் ஒரு விசித்திரம் நேர்ந்தது. போரிட்ட இந்தியர் வடக்கத்தியர், போர் நடந்த இடத்தில் வாழ்ந்த இந்தியர் தமிழர். லாபிஸிலிருந்து கூலாய்வரை அந்தத் தண்டவாளத்தின் இரு பக்கமும் ரப்பர் தோட்டங்கள், லயங்கள், கோயில்கள். ரயில் நிலையங்களில் யாழ்ப்பாணத்தவரும் தமிழகத்தவரும் வேலை பார்த்தார்கள். தண்டவாளம் செப்பனிட்டவர்களும் தமிழர். சிப்பாய் பேசிய மொழி பால்வெட்டுத் தொழிலாளிக்குப் புரியாது. ஆனால் பசித்து வந்தவனுக்குச் சோறு போட மொழி வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டில் இதே லயங்களிலிருந்து ஆட்கள் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்தத் துயரம் மிகப் பெரியது. குடும்பங்களின் நினைவில் மற்றெல்லாவற்றையும் மூடிவிட்டது. ஜனவரி மாதத்துச் சண்டை நம் வாய்மொழி வரலாற்றில் மங்கிப் போனதற்கு அதுவே காரணம் என்று கருதுகிறேன். சீக்கியருக்கும் கட்வாலியருக்கும் ஊரோ பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். டோக்ராவின் தாய் கோத்தா பாருவை வரைபடத்தில்கூடப் பார்த்திருக்கமாட்டாள். போன இடத்தில் பேசுவார் இல்லை, பிறந்த ஊரில் அறிவார் இல்லை என்றானது அவர்கள் நிலை.

இந்தியச் சிப்பாய்கள் ஓடினார்கள் என்ற பேச்சுக்கு இனி என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். சிலர் ஓடினார்கள். ஓடாத படை மலாயாவில் எந்த நாட்டுக்கும் இருக்கவில்லை. 9ஆவது டிவிஷன் கோத்தா பாருவில் நின்றது, குவாந்தானில் நின்றது, நியோரில் திரும்பிப் பாய்ந்தது. தோற்றது அதைப் பிரித்து நிறுத்திய திட்டம். உடைந்தது மேலிடத்துக்கும் களத்துக்கும் இடையேயான தொடர்பு. 1957இல் வெளிவந்த பிரிட்டிஷ் அதிகாரப்பூர்வ வரலாறே லாயாங் லாயாங் இழப்புக்கு உத்தரவு மீறப்பட்டதைக் காரணமாகக் காட்டுகிறது. பழியைச் சிப்பாய் தலையில் வைப்பது அநீதி.

ஜொகூர் பாருவில் இருப்பவர்களுக்கு கிராஞ்சி போர்க் கல்லறை பாலத்துக்கு அக்கரையில்தான் இருக்கிறது. அங்குள்ள சிங்கப்பூர் நினைவுச்சின்னத்தின் தூண்களில், கல்லறை தெரியாமல் போன 24,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் ரெஜிமென்ட் வாரியாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சீக்கிய, கட்வால், டோக்ரா, பலூச், எல்லைப்புறப் படைப் பகுதிகளின் முன் ஒரு முறை நின்று படியுங்கள். அதைவிட அவசரமான வேலை ஒன்று இங்கேயே இருக்கிறது. 1942இல் பத்து வயதாக இருந்தவர்களுக்கு இன்று தொண்ணூறு தாண்டிவிட்டது. குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், பாலோ தோட்டங்களில் வளர்ந்த தாத்தா பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், அந்த ஜனவரியில் ரயில் பாதையோரம் என்ன பார்த்தார்கள், யாருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், யாரைப் புதைத்தார்கள் என்று கேளுங்கள். ஊர்ப் பெயரோடும் தோட்டப் பெயரோடும் எழுதி வையுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதை மாணவர்களுக்கு ஒரு வேலையாகவே கொடுக்கலாம்.